பதினேழாவது சுற்று

கிள்ளான்,
3-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் புனிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி முகுந்தனும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே லீட்ஸில் நீயும் பாப்பாவும் மாப்பிள்ளை தனேஷும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். நலமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கேட்பது நடிப்பு, அதனால் கேட்கவில்லை. நீ என் போனை எடுத்துப் பதினாறு நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் போடுவதையெல்லாம் படிக்கிறாய், நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. மாப்பிள்ளைதான் பாவம், இரண்டு நாளைக்கு ஒரு தடவை, எல்லாரும் ஓகே அத்தை என்று போடுகிறார். அவர் ஓகே என்று போடுகிற வேகத்தைப் பார்த்தாலே அங்கே ஒன்றும் ஓகே இல்லை என்று தெரிகிறது. மார்க்கிரட் ஆன்டியின் அக்கா மகன் பிரவின் ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து உன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், புது மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது என்று மத்தியானமெல்லாம் நாற்காலியிலேயே தூங்குகிறார், எழுப்பினால் நான் எங்கே தூங்கினேன் என்று சண்டைக்கு வருகிறார். பக்கத்து வீட்டில் சமையலறையை இடித்துக் கட்டுகிறார்கள், காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை சுவரைக் குடைகிற சத்தம், மண்டைக்குள்ளேயே குடைவது மாதிரி இருக்கிறது. முகுந்தன் காஜாங்கில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டான், ஞாயிறு ஞாயிறு அழுக்குத் துணியோடு வருகிறான். வெயில் இந்த மாதம் தாங்கவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது புனிதா. கால் களைப்பு போய்விட்டது, இது வேறு களைப்பு, தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கிறது. அது உன்னால் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதே, என்னால் வந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு முட்டி வலி இல்லை. எப்போதும் இருந்ததில்லை. பிரசவத்துக்கு நீங்க வருவீங்கல்லம்மா என்று நீ ஐந்தாம் மாதத்தில் கேட்டபோது, முட்டி தேய்ந்துவிட்டது, பதினாறு மணி நேரம் பிளேனில் உட்கார டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேனே, அது பச்சைப் பொய். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் அதைப் பேசாமலே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டோம். நீயும் தனேஷும் அங்கேயே ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடித்து, முடித்த பிறகு வீடியோவில் கூப்பிட்டு, அம்மா நாங்க ரெஜிஸ்டர் பண்ணிட்டோம் என்று சிரித்தாயே, அன்றைக்கு எனக்குள் ஒன்று இறுகிப்போனது. தனேஷ் நல்ல பையன், பூச்சோங்கில் நமக்குத் தெரிந்த குடும்பம்தான், நானே பேசி முடித்திருப்பேன். கோவிலில் வைத்துத் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும், நானூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று நான் எவ்வளவு கனவு கண்டேன் என்று உனக்குத் தெரியாததா? எனக்குத் தெரியாமல் கல்யாணம் செய்யத் தெரிந்தவளுக்கு நானில்லாமல் பிள்ளை பெறவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வாயால் சொல்லவில்லை, மனசுக்குள் சொன்னேன். தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் இருந்து பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டிய நான், பத்திய மருந்துப் பொடியை ஐந்து டப்பாவில் அடைத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி பார்சல் அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தேன். பெற்றவள் செய்கிற வேலையா இது? அப்பா ஒரு தடவை கேட்டார், போய்ட்டு வந்துடேன் அமுதா, பிள்ளை தனியா கிடக்குதே என்று. நான் முறைத்த முறைப்பில் அவர் திரும்பக் கேட்கவில்லை.

பொய் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும் அல்லவா. கோவிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஏன் மகள்கிட்டப் போகலை என்று கேட்டார்கள், எல்லோரிடமும் முட்டி வலி என்றேன். அதே சமயம் காலையில் மார்க்கிரட்டோடு நம் தாமான் தெருக்களைச் சுற்றி நடப்பது மட்டும் நிற்கவில்லை. சர்க்கரை கூடியிருக்கிறது நடங்கள் என்று கிளினிக்கில் சொன்னதால் ஆரம்பித்தது, உனக்குத்தான் தெரியுமே. நடை ஓட்டமாயிற்று, ஐந்து கிலோமீட்டர் பத்தாயிற்று, பத்து இருபத்தொன்றாயிற்று. நான் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவேன், கோவில் ஆட்கள் யாராவது எதிரே வந்தால் உடனே நடையைக் குறைத்துக் கொஞ்சம் நொண்டுவேன், அவர்கள் தாண்டிப் போனதும் மறுபடி ஓடுவேன். மார்க்கிரட் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விடுவாள். நானும் சிரித்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உன் நினைப்பு வந்தது, ஓடினால் வரவில்லை, அதனால் ஓடினேன். அப்புறம் ஒரு நாள் மார்க்கிரட், ஷா ஆலம் ஏரியைச் சுற்றிப் பன்னிரண்டு மணி நேர ஓட்டம் இருக்கிறது, அதற்கு அல்ட்ரா என்று பெயர், காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் ஆறு மணிக்கு முடியும், யார் எத்தனை சுற்று சுற்றுகிறார்களோ அவ்வளவு கணக்கு என்றாள். நான் உடனே பெயரைக் கொடுத்துவிட்டேன். முப்பது வருஷம் மேரு பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நின்றவள் நான், எனக்கென்ன பெரிய விஷயம் என்று திமிர்.

அந்த ஓட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் நீ கூப்பிட்டாய். இங்கே மத்தியானம், அங்கே விடிந்திருக்கவே இல்லை. அம்மா முடியலம்மா என்றாய். பாப்பா அழுதா எனக்குப் பாவமா இல்லம்மா, கோவம்தான் வருது, தூக்கவே பயமா இருக்கு, கட்டில்ல விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டு மாடிப்படியில போய் உக்காந்துக்கறேன் என்றாய். நீ சொன்னது ஒரு வார்த்தை மறக்கவில்லை. அதற்கு நான் சொன்னதையும் மறக்கவில்லை. எல்லாரும் பெத்து வளர்க்கறவங்கதான், நான் பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து உன்னையும் தம்பியையும் வளர்த்தேன், என்னைத் தாங்கறதுக்கு ஆள் வெச்சா இருந்துச்சு, மனசைத் தைரியமா வெச்சுக்க, எல்லாம் சரியாயிடும் என்றேன். சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் சரிம்மா அன்று என் காதில் சரியாகத்தான் விழுந்தது. நல்ல புத்தி சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டத்துக்கு வாங்கிய புதுக் காலுறையைத் துவைத்துக் காயப் போட்டேன்.

சனிக்கிழமை காலை அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். ஏரியைச் சுற்றி ஒரு சுற்று இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர், நான் போட்டிருந்த கணக்கு இருபத்தைந்து சுற்று, அறுபது கிலோமீட்டர். சுற்றை எண்ணுவதற்குக் கணுக்காலில் ஒரு சிப் கட்டிவிட்டார்கள். அப்பா மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு, ஐஸ் பெட்டியில் நாசி லெமாக் சோறும் தர்பூசணியும் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முகுந்தன் வயது, என்னைப் பார்த்து ஆன்டி கமான் என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் பறந்தார்கள். மனசைத் தாக்குப்பிடிக்க வைக்கிறதுதான் இதில் முக்கியம், கால் அல்ல என்று மார்க்கிரட் முன்னமே சொல்லியிருந்தாள், மணியைப் பார்க்காதே, மொத்தத்தை நினைக்காதே, இந்த ஒரு சுற்றை மட்டும் நினை என்பாள். நான் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். தொழிற்சாலையில் எங்கள் நாலாம் லைனில் இருபத்தைந்து பெண்கள், மெஷின் வாயிலிருந்து வரிசையாக யார் யார் நின்றோம் என்பது இன்னும் மனப்பாடம். ஒரு சுற்றுக்கு ஒருத்தி. முதல் சுற்று லெட்சுமி, அவளுக்கு எந்நேரமும் வாயில் புளிப்பு மிட்டாய் இருக்கும். இரண்டாவது ஒரு இந்தோனேசியப் பெண், மூன்றாவது ஒரு சீனப் பெண், இப்படி. அவள் எப்படிப் பேசுவாள், என்ன சாப்பாடு கொண்டுவருவாள், யாரோடு சண்டை என்று நினைத்துக்கொண்டே போனால் ஒரு சுற்று முடிந்துவிடும். பயிற்சி எடுத்தபோதெல்லாம் இது நன்றாக வேலை செய்தது.

பத்துச் சுற்று வரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியதும் பாதத்துக்குள் கொப்புளம் கிளம்பியது, தொடை உரசி எரிந்தது, சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஆனால் உடம்பு வலி ஒரு அளவுக்கு மேல் பழகிவிடுகிறது புனிதா, அதைத் தொழிற்சாலையிலேயே பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு. களைப்பு ஏற ஏற மனசு தன் காவலை விட்டுவிடுகிறது. தெம்பாக இருக்கும்போது உள்ளே பூட்டி வைத்ததை எல்லாம் அது பாட்டுக்குத் திறந்து வெளியே எடுத்துப் போடுகிறது, வேண்டாம் என்று சொல்லக்கூட உனக்குத் தெம்பிருக்காது. பதினேழாவது சுற்று ஆரம்பித்தபோது மணி ஒன்று. பதினேழாவதாக நின்றவள் இராஜம்மா. பயிற்சி எடுத்தபோது நான் இராஜம்மாவை எப்போதும் தாண்டிவிடுவேன், பதினாறு முடிந்ததும் நேரே பதினெட்டுக்குப் போய்விடுவேன். அன்றைக்குத் தாண்டவும் முடியவில்லை.

இராஜம்மா ஆன்டியை உனக்கு நினைவிருக்காது, நாம் பிளாட்டில் இருந்தபோது பக்கத்து வீடு, நீ ஒன்றாம் வகுப்புப் போகும் முன்பே அவர்கள் சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டார்கள், கோவிட் நேரத்தில் இறந்துபோனாள். இப்போது எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமும் சொன்னதில்லை. நீ பிறந்து இரண்டரை மாதம், நான் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அப்பா லோரியில் ஜோகூர் போயிருந்தார், வர இரண்டு நாள் ஆகும். நீ விடியற்காலையிலிருந்து அழுகிறாய், பால் கொடுத்தாலும் அழுகை, தூக்கினாலும் அழுகை. எத்தனை நாள் தூங்காமல் இருந்தேன் என்று எனக்குக் கணக்கில்லை. பத்து மணி போல உன்னை சாரோங் துணித் தொட்டிலில் போட்டேன், செருப்பை மாட்டினேன், கதவைத் திறந்து படியிறங்கிப் போய்விட்டேன். பால் வாங்கவோ மருந்து வாங்கவோ போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன், பஸ் வந்தது, ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அப்போது நான் ஒன்றுமே நினைக்கவில்லை புனிதா. உன்னைக்கூட நினைக்கவில்லை. கண்டக்டர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார், எனக்கு ஒரு ஊர் பெயரும் வாயில் வரவில்லை. அவர் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவைதான் என் ரவிக்கை பாலில் நனைந்திருப்பதைப் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன், இரண்டு ஸ்டாப் தூரம், ஒரு செருப்பு வழியில் அறுந்துபோய் விட்டுவிட்டு ஓடினேன். நான் பெரிய ஓட்டக்காரியாகிவிட்டேன் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், அன்று ஓடிய மாதிரி நான் என்றைக்கும் ஓடியதில்லை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இராஜம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து உன்னை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இரவு ஷிப்ட், காலையில்தான் வேலை விட்டு வந்திருக்கிறாள், கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. எங்கே போனே என்று அவள் கேட்கவே இல்லை. என் காலைப் பார்த்தாள், ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். போ, மூஞ்சியக் கழுவிட்டுப் படு, நான் வெச்சிருக்கேன் என்றாள். அவ்வளவுதான். நான் நான்கு மணி நேரம் தூங்கினேன். மறுநாளும் வேலை விட்டு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள், அதற்கு மறுநாளும். இரண்டு மாதம் அவள் தன் தூக்கத்தில் மூன்று மணி நேரத்தைத் தினமும் எனக்குக் கொடுத்தாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பன்னிரண்டு மணி நேரம் நின்று உன்னை வளர்த்தேன் என்று உன்னிடம் சொன்னேனே, அந்தக் கதையில் இராஜம்மாவை எடுத்துவிட்டுத்தான் சொன்னேன். என்னைத் தாங்க ஆள் இருந்தாள். உனக்கு இருந்திருக்க வேண்டிய ஆள் நான், நான் இங்கே நொண்டி நடித்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது சுற்றை எப்படி முடித்தேன் என்று தெரியாது. முடித்ததும் கோட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொடுக்கிற மேசை ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. மார்க்கிரட் என்னைத் தாண்டிப் போகும்போது, எழுந்திரு அமுதா, எல்லாம் மனசுதான், நீ ஸ்ட்ராங், உன்னால முடியும்லா என்று கத்தினாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, நான் கிடக்கிற இடம் இவளுக்குத் தெரியவே இல்லை, வெகு தூரத்தில் நின்று கத்துகிறாள் என்று இருந்தது. நான் போனில் உன்னிடம் பேசினது அப்படியே திரும்பி வந்து என் காதில் விழுந்தது. அப்பா வந்து, போதும்லா, வீட்டுக்குப் போவோம், யாருக்கு நிரூபிக்கப் போறே என்றார். அதுவும் உதவவில்லை. முப்பது நிமிஷத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த மேசையில் ஒரு மலாய் அம்மா இருந்தார், காக் ரொஹானி என்று, அதாவது ரொஹானி அக்கா என்று, கூப்பிட்டார்கள், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும், உதவிக்கு வந்தவர். அவர் கீழே உட்கார்ந்து என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார், காலுறையைக் கழற்றினார், ஈரத் துணியால் பாதத்தைத் துடைத்து, கொப்புளத்தில் பிளாஸ்டர் ஒட்டி, வேறு காலுறை போட்டுவிட்டார். அந்நிய மனுஷி என் அழுக்குக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதைச் செய்தார். பிறகு என் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சுற்று மட்டும், மெதுவாக, நானும் வருகிறேன் என்று மலாயில் சொன்னார். வா என்று இழுக்கவில்லை, நான் எழும் வரை நின்றார்.

அந்த ஒரு சுற்று முழுக்க நான் அழுதுகொண்டே நடந்தேன். கால் வலியால் அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார், நினைக்கட்டும். அவர் தன் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். என் வேகத்துக்குத்தான் நடந்தார், ஒரு அடி முன்னால் போகவில்லை. அந்தச் சுற்று முடிந்ததும் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் தனியாகவே நடந்தேன், நாலு மணிக்கு இடி மின்னலோடு மழை பிடித்து அரை மணி நேரம் எல்லோரையும் கூடாரத்துக்குள் நிறுத்தி வைத்தார்கள், மழை விட்டதும் தண்ணீரில் சளக் சளக் என்று இன்னும் இரண்டு சுற்று. மொத்தம் இருபத்திரண்டு சுற்று. அறுபது நினைத்தேன், ஐம்பத்திரண்டு சொச்சம்தான் ஆயிற்று. ஐம்பதைத் தாண்டியதால் ஒரு பதக்கம் போட்டார்கள், மார்க்கிரட் என்னைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன், ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் அவள் அதை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள், பன்னிரண்டு மணி நேரம் ஓடிய அமுதவள்ளி என்று. அவள்மேல் தப்பில்லை, உன்னிடம் என்ன சொல்லி வைத்திருந்தேன் என்று அவளுக்கு முழுசாகத் தெரியாது. அன்று சாயங்காலம் நீ போட்டாய், முட்டி சரியாயிடுச்சு போல, சந்தோஷம்மா என்று. அதுதான் நீ கடைசியாக எழுதியது. எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நீ கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பதக்கத்தை எங்கே போட்டேன் என்றுகூடத் தெரியவில்லை, கால் விரலில் இரண்டு நகம் கறுத்து விழுந்துவிட்டது, கோவிலில் இப்போது எல்லோருக்கும் என் பொய் தெரியும், யாரும் நேரில் கேட்கவில்லை, கேட்காமல் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

இப்போது நான் சொல்வதை அலட்சியம் பண்ணாதே கண்ணு. உனக்கு வந்திருப்பது மனசில் தைரியம் இல்லாததால் வந்தது இல்லை. எங்கள் கிளினிக்கில் இருக்கிற நர்ஸிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன், பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படி வருவது உண்டு, அது ஒரு நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது, தள்ளிப் போடக் கூடாது என்று சொன்னார். உன்னையும் பாப்பாவையும் பார்க்க வருகிற நர்ஸிடம், என்னிடம் சொன்னதை அப்படியே சொல், ஒன்றையும் குறைத்துச் சொல்லாதே. தனேஷிடமும் சொல். அவரிடம் வெட்கப்பட்டு மறைக்காதே, இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடு, பஸ் ஏறின கதையையும் அவர் படிக்கட்டும், எனக்கு ஒன்றும் கௌரவம் குறைந்துவிடாது. பாப்பாவைக் கட்டிலில் விட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாயே, நீ கெட்ட தாய் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ மாடிப்படியோடு நின்றாய், நான் பஸ் ஏறினவள். அப்பாவிடம் இன்று சாயங்காலம் நானே சொல்லப் போகிறேன், முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது, அவர் தூங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று அப்பாவோடு கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய் ஏஜென்ட் ஆபீசில் டிக்கெட் எடுத்துவிட்டேன். இங்கிலாந்து போக ஆன்லைனில் ஏதோ அனுமதி வேண்டுமாம், அதை முகுந்தன் போனிலேயே எடுத்துக் கொடுத்தான், படம் எடுக்கும்போது சிரிக்காதீங்கம்மா என்றான், நான் எங்கே சிரித்தேன். 14-ஆம் தேதி சனிக்கிழமை துபாயில் மாறி மத்தியானம் மான்செஸ்டரில் இறங்குகிறேன். மூன்று மாதம் இருப்பேன். உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்புத்தான், கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். நீ என் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை என்றால் அதுவும் சரி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்து வைக்கத் தனேஷிடம் சொல், காலையில் வந்து பாப்பாவைக் குளிப்பாட்டி, பால் பாட்டில் கழுவி, துணி மடித்து வைத்துவிட்டு ராத்திரி போய்விடுகிறேன், நீ என்னோடு பேச வேண்டியதில்லை. கல்யாணத்தைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. தைரியமாக இரு என்றும் சொல்ல மாட்டேன். வீட்டைச் சுத்தம் பண்ணி வைக்காதே, எனக்கென்று எதுவும் சமைக்காதே, ஏர்போர்ட்டுக்கும் நீ வர வேண்டாம், தனேஷ் வந்தால் போதும், அவருக்கும் வேலை இருந்தால் நானே விசாரித்து வந்துவிடுவேன்.

பாப்பா தலை நின்று, சிரித்து, நோய் நொடி இல்லாமல் வளர வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் மனசு நிறைந்து நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். அப்பா தனியாகப் பாப்பாவுக்கு ஒரு முத்தம் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மறக்காமல் அந்த நர்ஸிடம் பேசு, நான் வரும் வரை காத்திருக்காதே. என்னைத் திட்ட உன்னிடம் நிறைய இருக்கும், இரண்டு வருஷத்துக் கணக்கு இருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் வந்ததும் பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு முதலில் போய்ப் படு. தூங்கி எழுந்து திட்டு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா அமுதவள்ளி